புத்தகத்தில் நாலு பேர், படத்தில் மூன்று பேர்: சிறுவர் நாவல் சினிமாவாகும்போது என்ன நடக்கிறது?

பிள்ளைகள் விரும்பிப் படித்த நாவல் ஒன்று, குடும்பத்தோடு பார்க்கிற சாகசப் படமாக வருகிறது. போஸ்டரில் 'யு/ஏ 7+' என்று போட்டிருக்கிறது. ஐந்து வயதுச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா? படம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அடுத்த குழப்பம். புத்தகத்தில் நாலு பேர் இருந்தார்களே, படத்தில் ஏன் மூன்று பேர்? புத்தகத்தில் இல்லவே இல்லாத அந்த மாமா எங்கிருந்து வந்தார்?

'சினிமாக்காரர்கள் கதையைக் கெடுத்துவிட்டார்கள்' என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். சில நேரம் அது உண்மையும்தான். ஆனால் மாற்றங்களில் பல சட்டத்திலிருந்தும் கால்ஷீட் கணக்கிலிருந்தும் வருகின்றன. எந்த மாற்றம் தவிர்க்க முடியாதது, எது பயத்தில் செய்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், நம் பிள்ளைகளின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லலாம்.

விளக்கத்துக்காக ஒரு நாவலை நாமே கற்பனை செய்துகொள்வோம். மதுரைக்கு மேற்கே, நாகமலைப் பக்கம் கீழக்குயில்குடி. சமணர்மலை அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், பெரிய ஆலமரம். கோடை விடுமுறைக்கு அப்பத்தா வீட்டுக்கு வந்த நாலு பிள்ளைகள்: மீனா (12), பாண்டி (11), கணேசன் (10), தேனு (7). பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு குரங்கு. மலைமேல் சிலைகளைப் பெயர்த்துக் கடத்தப் பார்க்கும் ஒரு கும்பல். பெரியவர்கள் யாரும் நம்பவில்லை, பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். கதை இவ்வளவுதான்.

முதலில் உரிமை

நாவலைப் படமாக்கும் உரிமை, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளருக்கு உரியது. புத்தகத்தை அச்சிடும் உரிமை வேறு, படமாக்கும் உரிமை வேறு. பதிப்பாளரிடம் பேசி முடித்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. எழுத்தாளர் எந்த உரிமையை யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதைப் பார்க்க வேண்டும். இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. வெறும் கருவுக்கு உரிமை கிடையாது. 'விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கடத்தல்காரர்களைப் பிடிக்கிறார்கள்' என்ற கருவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதை ஒருவர் எழுதிய விதத்துக்குத்தான் பாதுகாப்பு. தன் நாடகத்தைக் காப்பியடித்துப் படமெடுத்ததாக ஆர்.ஜி. ஆனந்த் போட்ட வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கடத்தல் கும்பலைத் துரத்தும் பிள்ளைகள் பத்துப் படத்தில் வந்தாலும் பத்தும் காப்பி ஆகிவிடாது.

2. எழுத்தாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை வாரிசுகளிடம் இருக்கும். கணக்கு, மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து தொடங்கும். சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமா 2014இல் மறைந்தார். அவர் கதைகளுக்கான உரிமை, இடையில் ஏதும் மாறாவிட்டால், 2074 முடியும் வரை. ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் எனிட் பிளைட்டன் மறைந்தது 1968. இந்தியாவில் அவர் எழுத்துக்கான காலம் 2028 கடைசியில் முடிகிறது. பிரிட்டனில் 70 ஆண்டுக் கணக்கு என்பதால் அங்கே 2038 வரை போகும்.

3. தமிழ்நாட்டுக்கென்று ஒரு வழி உண்டு: நாட்டுடைமை. அரசு வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து உரிமையைப் பெற்றுப் பொதுவாக்கிவிடும். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசு பெற்றதுதான் இதற்கு முன்னோடி. கல்கியின் நூல்களும் நாட்டுடைமை ஆனவை. அவற்றை யாரும் அச்சிடலாம்.

4. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 'அண்ணே, நீங்க எடுங்க, பார்த்துக்கலாம்' என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில், அது காலாவதி ஆகிவிடும். 'படமாகப் போகிறது' என்று செய்தி வந்து வருடக்கணக்காகச் சத்தமே இல்லாத நாவல்கள் பலவற்றின் கதையில் இந்த வரிக்கும் பங்கு இருக்கலாம்.

5. உரிமையை விற்ற பிறகும் எழுத்தாளர் கையில் ஒன்று மிச்சம் இருக்கும். அவர் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் அதே சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி நீதிமன்றம் போகலாம். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கியவர்கள் மேல் போட்ட வழக்கில், 1986இல் தில்லி உயர் நீதிமன்றம் இதை விளக்கமாகப் பேசியது. சினிமா என்ற வடிவத்துக்குத் தேவையான மாற்றங்களைச் செய்யலாம், கதையை அடையாளமே தெரியாமல் திரிக்கக் கூடாது. அந்த நாவலும் பெற்றோர் பிரிவில் சிக்கிய ஒரு சிறுவனைப் பற்றியது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

'வடிவத்துக்குத் தேவையான மாற்றம்' என்பதற்கு எல்லை எது? இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

'தொடரும்' போய் இடைவேளை வருகிறது

தமிழில் நாம் கொண்டாடும் சிறுவர் நாவல்கள் பல, பத்திரிகையில் தொடராக வந்தவை. இருபது வாரம் வந்த கதைக்கு இருபது 'தொடரும்' உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு திகில் முடிச்சில் நிறுத்தினால்தான் அடுத்த வாரம் பிள்ளை கடைக்கு ஓடும். அந்த இருபது முடிச்சையும் அப்படியே படத்தில் வைத்தால், ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது பள்ளத்தில் விழுந்துகொண்டே இருப்பார்கள். பார்க்கிறவருக்குச் சலித்துவிடும். நம் தியேட்டரில் இடைவேளை ஒன்றே ஒன்று. எனவே திரைக்கதை எழுதுகிறவர் இருபதில் ஒன்றைப் பொறுக்கி அங்கே வைப்பார். இன்னும் மூன்று நான்கு தப்பும். மற்றவை போய்விடும்.

அடுத்த பிரச்சினை, மனசுக்குள் நடப்பது. நம் நாவலில் கணேசன் அதிகம் பேசாத பையன். மலைப்படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவான், இறங்கும்போதும் எண்ணுவான். ஒருநாள் எண்ணிக்கை ஒன்று குறைகிறது. ஒரு கல்லை யாரோ பெயர்த்திருக்கிறார்கள் என்று அவனுக்கு மட்டும் தெரிகிறது. எழுத்தில் இது மூன்று பக்கம், படிக்கிற பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும். கேமராவுக்கோ ஒரு பையன் படியேறுவது மட்டும்தான் தெரியும். அவன் மனசில் எண்ணுவதைக் காட்ட வேண்டுமானால் வாய்விட்டு எண்ண வேண்டும், அல்லது யாரிடமாவது சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவன் கணேசனாக இருக்க மாட்டான். அதனால்தான் தழுவலில் முதலில் காணாமல் போவது பெரும்பாலும் அமைதியான பாத்திரம். அந்த எண்ணும் பழக்கத்தைப் பாண்டிக்குக் கொடுத்துவிட்டு, கணேசனை எடுத்துவிடுவார்கள். புத்தகம் படிக்கிற பிள்ளைகளில் பலர் கணேசனைப் போன்றவர்கள் என்பதால் எனக்கு இது வலிக்கிற இழப்பு. திறமையான இயக்குநர் இதற்கு வழி கண்டுபிடிப்பார். படியில் கரித்துண்டால் கோடு போடவைத்தால்கூடப் போதும். ஒரு வார்த்தை பேசாமலேயே கோட்டுக்கணக்கு இடிப்பதைக் காட்டிவிடலாம்.

எழுத்தாளரே இயக்குநராக இருந்தாலும் மாற்றம் வரும். வங்க இயக்குநர் சத்யஜித் ராய் 1971இல் எழுதிய, ஒரு சிறுவன் ஆபத்தில் சிக்கும் 'சோனார் கெல்லா' துப்பறியும் நாவலை அவரே 1974இல் படமாக்கினார். நாவலில் கெட்டவர்கள் யார் என்பது கடைசியில்தான் உடையும். படத்தில் அதை முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டார். 'யார்?' என்ற கேள்வியின் இடத்தில் 'பையனுக்கு என்ன ஆகுமோ?' என்ற பதைப்பு வந்து உட்கார்ந்தது. மாற்றம் பெரியது. ஆனாலும் கதை தன் நெஞ்சை இழக்கவில்லை.

ஐந்து மணி நேரக் கணக்கு

இப்போது படப்பிடிப்பு. அதிகம் பேசப்படாத, ஆனால் கதையையே மாற்றிவிடுகிற விஷயம் இதுதான்.

14 வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு வைப்பது இந்தியாவில் குற்றம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் திருத்தம் வந்தபோது, சினிமா போன்றவற்றில் நடிப்பதற்கு நிபந்தனையோடு விலக்கு கொடுத்தார்கள். 2017இல் வந்த விதிகள் சொல்வது:

1. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். நம் கதைக்கு மதுரை ஆட்சியர். பிள்ளைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், யார் பொறுப்பு என்ற விவரம் எல்லாம் கொடுக்க வேண்டும். அனுமதி 6 மாதம் செல்லும்.
2. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது.
3. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. படிப்பு கெடக் கூடாது.
4. 5 பிள்ளைகளுக்குக் குறைந்தது ஒரு பொறுப்பாளர் உடனிருக்க வேண்டும்.
5. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட் செய்ய வேண்டும். வயது வந்ததும் அந்தப் பணம் அவர்களுக்கு.
6. பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் நடிக்க வைக்கவே கூடாது.

அத்தனையும் அவசியமான விதிகள். ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஆனால் இவை படத்தை என்ன செய்கின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்கள் நடிக்கும் படத்துக்கு நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 50 நாள் என்றால் 400 மணி நேரம். அதே 400 மணி நேரம் பிள்ளைகளை வைத்து மட்டும் எடுக்க வேண்டுமானால் 80 நாள். கோடை விடுமுறை அவ்வளவு நீளம் கிடையாது. மிச்சத்தைக் காலாண்டு, அரையாண்டு விடுமுறைக்குத் தள்ள வேண்டும். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். மே மாதம் முன்பல் இல்லாமல் 'ஸ்' 'ஸ்' என்று காற்றோடு பேசிய தேனுவுக்கு அக்டோபரில் புதுப்பல் பாதி எட்டிப் பார்க்கும். கதைப்படி இரண்டும் ஒரே நாள் மாலை. மூத்த பையன்களுக்கு டப்பிங் பேசும் நேரத்தில் குரலே உடைந்திருக்கும்.

மதுரை வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் சமணர்மலைப் பாறையில் பத்து மணிக்கு மேல் வெறுங்காலை வைக்க முடியாது. பிள்ளைகளை வைத்து மலைமேல் எடுப்பதென்றால் விடிகாலையும் சாயங்காலமும்தான். நடுவில் இருக்கும் நேரத்தில் கேமரா, லைட், ஜெனரேட்டர், சாப்பாட்டு வண்டி எல்லாம் வாடகை ஏறிக்கொண்டே நிற்கும். அப்புறம் தயாரிப்பாளர் என்ன செய்வார்? பிள்ளைகள் இல்லாத காட்சிகளை அந்த நேரத்தில் எடுக்கச் சொல்வார். பிள்ளைகள் இல்லாத காட்சி வேண்டுமென்றால் பெரியவர் பாத்திரம் வேண்டும். கடத்தல் தலைவனுக்குக் காட்சிகள் கூடும். அவனைத் துரத்த ஒரு போலீஸ் மாமா பிறப்பார்.

நாலு பேர் மூன்று பேராக ஆனதற்கும் இதில் பங்கு உண்டு. ஒரு பிள்ளை குறைந்தால் ஒத்திகையும் குறையும், ஒரே சமயத்தில் பல முகங்கள் சரியாக அமைய வேண்டும் என்ற கஷ்டமும் குறையும். பேசாத கணேசன் இங்கே இரண்டாவது முறை அடிபடுகிறான்.

குரங்கும் குகையும்

நாவலில் குரங்கு வருகிறதே? அழகர்கோயில் போய் வந்த எந்த மதுரைப் பிள்ளைக்கும் குரங்கு இல்லாத மலை மலையே கிடையாது. ஆனால் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதற்குத் தடை இருக்கிறது. 2011இல் காளையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஜல்லிக்கட்டுச் சிக்கல் பெரிதானதும் அந்த அறிவிப்பினால்தான். மற்ற விலங்குகளைப் படத்தில் பயன்படுத்தவும் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆகவே திரையில் தேனுவின் தோளில் ஏறும் குரங்கு கிராபிக்ஸாகத்தான் இருக்கும். கிராபிக்ஸ் குரங்குக்கு நொடிக்கு நொடி செலவு. புத்தகம் முழுக்கக் கூடவே வந்த குரங்கு, படத்தில் நாலைந்து காட்சியோடு நின்றுவிட்டால் காரணம் இதுதான்.

இடமும் அப்படியே. சமணர்மலையின் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை, மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே படமெடுக்கத் தனி அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நாற்பது ஐம்பது பேர், சூடான விளக்குகள், தண்டவாளத்தில் ஓடும் கேமரா இவற்றையெல்லாம் அந்தச் சிற்பங்களுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கவே கூடாது. குகையை ஸ்டூடியோவில் செட் போட்டு எடுப்பதே நல்லது. 'ஒரிஜினல் இடத்தில் எடுக்கவில்லையே' என்று இதற்காக வருத்தப்பட வேண்டாம். மலையை வெளியிலிருந்து, குளக்கரையிலிருந்து, ஆலமரத்தடியிலிருந்து காட்டினால் ஊர்க்காரர்களுக்கு அது போதும்.

யு/ஏ 7+ என்றால் கூட்டிப் போகலாமா?

போகலாம். ஆனால் முடிவு உங்களுடையது.

முன்பு மொத்தமாக 'யு/ஏ' என்று ஒரே பிரிவு இருந்தது, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டல் தேவை என்ற பொருளில். 2023இல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 சான்றிதழ் விதிகளின் கீழ் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: 7+, 13+, 16+. இப்போது மொத்தம் ஐந்து வகை:

1. யு: எல்லோரும் பார்க்கலாம்.
2. யு/ஏ 7+: 7 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் யோசித்துக் காட்டலாம்.
3. யு/ஏ 13+
4. யு/ஏ 16+
5. ஏ: 18 நிறைந்தவர்களுக்கு மட்டும்.

(மருத்துவர்கள் போன்ற தனிப் பிரிவினருக்கான 'எஸ்' சான்றிதழும் உண்டு, அதற்கு இங்கே வேலையில்லை.)

யு/ஏ எண்கள் பெற்றோருக்கான ஆலோசனை மட்டுமே. 'ஏ' படத்துக்கு 18 நிறையாதவர்களைத் தியேட்டர் அனுமதிக்கக் கூடாது. 7+ படத்துக்கு ஐந்து வயதுப் பிள்ளையை நீங்கள் கூட்டிப் போனால் வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். ஓடிடியில் 2021 முதலே இதே 7+, 13+, 16+ அடையாளங்கள் இருப்பதால் பலருக்கு அங்கே பழகியிருக்கும்.

சாகசப் படத்துக்கு 'யு' கிடைக்காவிட்டால் அதில் ஆபாசம் இருக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. குகை இருட்டு, திடீரென்று வரும் பாம்பு, பிள்ளையின் வாயைப் பொத்தித் தூக்கும் காட்சி, இவை போதும். எழுத்தில் அதே காட்சியைப் படிக்கும் பிள்ளை தன்னால் தாங்க முடிந்த அளவு பயத்தைத் தானே கற்பனை செய்துகொள்ளும், பயம் அதிகமானால் புத்தகத்தை மூடி வைக்கும். தியேட்டரில் அந்தச் சத்தத்தையும் இருட்டையும் மூட முடியாது. 7+ என்ற எண்ணை இப்படிப் பார்த்தால் சரியாக இருக்கும்: என் பிள்ளை இருட்டுக்கு எவ்வளவு பயப்படும்? அந்தப் பதில் உங்களுக்குத்தான் தெரியும்.

அந்த மாமா செய்யக்கூடியதும் கூடாததும்

மாமா எப்படிப் பிறந்தார் என்பதில் பாதிக் காரணத்தைப் பார்த்துவிட்டோம். மீதிப் பாதி டிக்கெட். பிள்ளை தனியாகத் தியேட்டருக்கு வராது. அப்பா, அம்மா, சில நேரம் அம்மாச்சி. ஒரு பிள்ளைக்குப் பின்னால் மூன்று டிக்கெட். அந்த மூன்று பேருக்குத் தெரிந்த ஒரு முகம் போஸ்டரில் வேண்டும் என்று விநியோகஸ்தர் கேட்பார். பெரிய நடிகர் வந்தால் அவருக்குச் சண்டை வேண்டும், கடைசிக் காட்சியில் அவர்தான் கும்பலை அடித்து வீழ்த்த வேண்டும் என்பார்கள்.

இங்கேதான் நாவல் செத்துப்போகிறது. சிறுவர் சாகசக் கதையின் உயிர், பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத அந்த நேரத்தில் இருக்கிறது. அப்பத்தா மதியத் தூக்கத்தில், அப்பா அம்மா ஊரில், போலீஸ்காரர் 'போங்கடா, போய் விளையாடுங்க' என்று அனுப்பிவிட்டார். இனி நாமே முடிவெடுக்க வேண்டும் என்று நாலு பிள்ளைகள் குளக்கரையில் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் ஒரு பிள்ளை அந்தப் புத்தகத்தை மூன்று முறை படிக்கிறது. கணேசன் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குரங்கு நாலு காட்சியோடு நிற்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். முடிவெடுக்கும் உரிமையைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி மாமாவிடம் கொடுத்தால், அது அந்த நாவலின் படம் கிடையாது. இந்த மாற்றத்தை எந்த விதியும் கேட்கவில்லை, தியேட்டர் நிறையாதோ என்ற பயம்தான் கேட்கிறது.

மாமா இருக்கட்டும். பிள்ளைகள் கண்டுபிடித்ததை நம்புகிற முதல் பெரியவராக இருக்கட்டும். கடைசியில் ஜீப்போடு வந்து சேரட்டும். கும்பல் எந்தக் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பதைத் தேனு சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

நட்சத்திரம் இல்லாமல் எடுப்பதற்குப் பொதுப்பணம் தேவைப்படும் என்பதால்தான் 1955இலேயே குழந்தைகள் திரைப்படச் சங்கத்தை இந்திய அரசு தொடங்கியது. அது 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கென்றே இருந்த தனிக் கதவு ஒன்று பொதுக் கதவோடு சேர்ந்துபோனது எனக்கு உவப்பான செய்தியில்லை.

இரண்டாம் பாகம் வந்தால்

படம் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எழுத்தாளர் அதே பிள்ளைகளை வைத்து, இம்முறை ஆனைமலை அடிவாரத்தில், அடுத்த நாவல் எழுத நினைக்கிறார். மீனா, பாண்டி, கணேசன், தேனு நாலு பேரும் அவருடைய எழுத்தில் பிறந்தவர்கள். போலீஸ் மாமா திரைக்கதையில் பிறந்தவர், அவரை நாவலில் கொண்டுவரத் தயாரிப்பாளரைக் கேட்க வேண்டும். தயாரிப்பாளரும் அதே பிள்ளைகளை வைத்து இரண்டாம் பாகம் எடுக்க நினைத்தால், முதல் ஒப்பந்தத்தில் 'ஒரு படம்' என்று இருக்கிறதா, 'பாத்திரங்கள் அனைத்தும்' என்று இருக்கிறதா என்பதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சிறுவர் நாவல் எழுதுகிறவர் யாராக இருந்தாலும், முன்பணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படத்தில் விட்டுப்போன கணேசனை அடுத்த புத்தகத்தில் மறுபடி படியேற வைக்கும் உரிமை அந்த வரியில்தான் இருக்கிறது.